ஆண்டவருக்கு வழி சொன்னவர்

போன மாதம் எங்கள் வாலிபர் கூட்டத்தில் ஆளுக்குக் கொஞ்ச நேரம் பேசச் சொன்னார்கள். அன்றாட வாழ்க்கையில் விசுவாசத்தை வாழ்ந்து காட்டிய ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும். ஒருத்தி தன் அம்மாவைப் பற்றிப் பேசினாள். ஒருவன் நாவுல ஊருக்கு ஓடும் பஸ்ஸில் வரும் கொண்டக்டரைப் பற்றிப் பேசினான். என் முறை வந்தபோது மனதில் முதலில் வந்து நின்ற முகத்தைக் கண்டு எனக்கே திக்கென்றது. தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அங்கே விழுங்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவருடைய பெயரை எழுத மாட்டேன். ஊரார் பெயரையெல்லாம் வாய் கூசாமல் சொன்னவர் அவர். நானும் அதையே செய்தால் நான் ஏன் இத்தனை வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்? எழுதுவதற்கு முன் அக்காவிடமும் கேட்டேன். "பேரப் போடாத, தெருவப் போடாத. மத்தது ஒன் இஷ்டம்" என்றாள். ஆகவே தெருவையும் கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன். சபையில் பெரியவர்களுக்கு அவர் சிஸ்டர். எங்களைப் போன்ற இளசுகளுக்கு ஆன்ட்டி. அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் ஜெப ஆன்ட்டி.

மாத்தளை டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் மாடியில் எங்கள் சபை. ஞாயிறு அங்கே ஆராதனை. வெள்ளிக்கிழமை பின்னேரம் முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் ஜெபக் கூட்டம். பல்லேபொல, நாவுல பக்கமிருந்தும் ஆட்கள் பஸ் பிடித்து வருவார்கள். பாட்டு முடிந்ததும் பாஸ்டர் "ஜெப விண்ணப்பம் யாருக்காவது இருக்கா?" என்று கேட்பார். எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். அப்போது ஆன்ட்டி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து, "அப்பா..." என்று ஆரம்பிப்பார். நல்ல கனமான குரல். இன்றைக்கு யார் வீட்டு அடுப்பங்கரைக்குள் போகப்போகிறாரோ என்று எனக்குள் ஓடும்.

"அப்பா, பல்லேபொலயில ஸ்கூலுக்குப் பக்கத்துல, வாசல்ல மிளகுக்கொடி ஏத்தியிருக்கிற வீட்டுல இருக்காங்களே ஒங்க மக, அவங்க மூத்தவன் வேலைக்குப் போகாம குடிச்சிக்கிட்டுத் திரியிறான் ஆண்டவரே. நேத்து பெத்த தாயையே கைநீட்டிட்டான் ஆண்டவரே. அவன்மேல மனமிரங்கும்!"

பெயர், ஊர், வீட்டு அடையாளம், எதுவும் விடுபடாது. திரீவீல்காரனுக்கு வழி சொல்வதைப் போலத்தான் அவர் ஆண்டவருக்கும் வழி சொல்வார். அந்தத் தாய் இரண்டு ஆள் தள்ளி, கண்ணை இறுக்கிக்கொண்டு, காதுமடல் சிவக்க உட்கார்ந்திருப்பாள். நான் சின்ன வயதிலிருந்தே ஜெபத்தில் ஒரு கண்ணைத் திறந்து பார்க்கிற கெட்ட பிள்ளை. அதனால் எனக்குத் தெரியும். மற்றவர்கள் "ஆமென், ஆமென்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இதிலுள்ள வில்லங்கம் என்னவென்றால், இதைக் கோள் என்று யாராலும் சொல்ல முடியாது. கோள் சொல்கிறவளை "வாயப் பொத்துடி" என்று அடக்கலாம். கண்ணை மூடிக் கண்ணீர் விட்டுக்கொண்டு கடவுளிடம் பேசுகிறவரிடம் என்ன சொல்வது? ஜெபத்துக்கு நடுவில் குறுக்கே பேசிய ஆளை நான் கண்டதில்லை. பிள்ளை அழுதால்கூட வெளியே தூக்கிக்கொண்டு போய்விடுவோம். நான் ஓ-எல் பரீட்சையில் கணக்கில் கோட்டை விட்டதைச் சபை முழுக்க அறிந்தது ஆன்ட்டியின் ஜெபத்தில்தான். "மத்த பாடமெல்லாம் பரவாயில்ல ஆண்டவரே, கணக்குலதான் புள்ள மந்தம்" என்றார். அன்று அம்மா என் தொடையில் கிள்ளினார், ஆமென் சொல்லாததற்கு.

அவர் விஷயம் சேகரிக்கும் விதமும் அப்படித்தான். வம்புக்கு அலைய மாட்டார். கையைப் பிடித்துக்கொண்டு முகத்தைப் பார்ப்பார். "ஏன் மக மொகம் வாடியிருக்கு? ஆன்ட்டிகிட்ட சொல்லு, ஜெபிப்போம்." அந்தக் கை அவ்வளவு சூடாக இருக்கும். நமக்கு அழுகை வந்துவிடும், சொல்லியும் விடுவோம். பிறகு வெள்ளிக்கிழமை வரும்.

இப்படியே எழுதிக்கொண்டு போனால் அவர் ஏதோ பொல்லாத பொம்பிளை என்று நினைப்பீர்கள். அப்படி இருந்திருந்தால் எனக்கு வேலை லேசு. அப்பா செத்த அன்று எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்ற முதல் ஆள் அவர்தான். சொந்தக்காரர் வந்து சேருமுன்னே அடுப்பை மூட்டி, வந்தவர் போனவருக்கெல்லாம் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, அம்மாவை வலுக்கட்டாயமாகக் குளிக்க வைத்து, தலை துவட்டிவிட்டார். எல்லோரும் போன பிறகும் அம்மாவுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டார். கொரோனா நேரத்தில் எங்கள் தெருவையே அடைத்திருந்தபோது, கேட்டுக்கு வெளியே கஞ்சிச் சட்டியை வைத்துவிட்டுத் தூர நின்று கையசைத்தார். எங்களுக்காக உபவாசம் இருந்தார். உண்மையாகவே இருந்தார், நான் பார்த்திருக்கிறேன், உதடெல்லாம் வெடித்துப்போயிருக்கும். அவரை வெறுக்கப் போனால் அந்தக் கஞ்சிச் சட்டி குறுக்கே வந்து நிற்கும். எரிச்சலாக இருக்கும் எனக்கு.

அந்தக் கொரோனா நேரத்தில்தான் வீட்டு ஜெபம் நின்று, சபைக்கு வாட்ஸ்அப் ஜெபக் குழு வந்தது. ஆன்ட்டிக்குத் தட்டச்சு வராது. குரலில் பதிந்து அனுப்பக் கற்றுக்கொண்டார். விடிந்து ஃபோனைத் திறந்தால், உள்ளே "அப்பா..." என்று அவர் குரல். கூட்டம் மறுபடி தொடங்கிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. முன்பெல்லாம் ஜெபம் ஒரு வீட்டு முன்னறையோடு நிற்கும். இப்போது அது கலேவெல, தம்புள்ளை என்று பஸ் டிக்கெட் இல்லாமலே போகத் தொடங்கியது.

இனி அக்காவின் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

அக்காவுக்குப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே வலிப்பு வருத்தம் இருந்தது; எங்கள் பேச்சில் நோய்க்கு வருத்தம் என்றுதான் பெயர். மாத்திரை ஒழுங்காகப் போட்டு வருவதால் வருடக்கணக்காக ஒன்றும் இல்லை. பாலர் பாடசாலையில் ரீச்சர் வேலை, பிள்ளைகளுக்கு அவள் என்றால் உயிர். வருத்தம் இருப்பது வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. கலேவெலயிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அவர்களும் சபைக் குடும்பம், மரக்கறி மொத்த வியாபாரம். மாப்பிள்ளை அமைதியானவர். ஃபோனில் பேசிப் பேசி அக்காவுக்குப் பிடித்துப்போனது. அடுக்களையில் பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்தாள், நாங்கள் கிண்டல் பண்ணினால் அகப்பையை ஓங்கினாள். ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு மாப்பிள்ளையும் அவருடைய மாமாவும் நாள் குறிக்க வருவதாக ஏற்பாடு.

"அவங்க டீ குடிச்சதும் நானே அவர தனியா கூப்பிட்டு என் வருத்தத்தப் பத்தி சொல்லுவேன்" என்றாள் அக்கா. "ஃபோன்ல சொல்ற விஷயமில்ல இது. மொகத்தப் பாத்து சொல்லணும். அதுக்கப்புறம் வேணும்னா வேணும், வேணாம்னா வேணாம். நீங்க ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது."

நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாவால் முடியவில்லை. பயம். அந்த வாரம் முழுக்கத் தூக்கமில்லாமல் கிடந்து, கடைசியில் ஆன்ட்டியின் அந்தச் சூடான கையில் போய் விழுந்தார். "மனசுக்குள்ள மட்டும் ஜெபிங்க சிஸ்டர். வாய்விட்டு சொல்லிறாதீங்க" என்று கெஞ்சியிருக்கிறார். "எங்கிட்ட சொன்னது கெணத்துல போட்ட கல்லு" என்று ஆன்ட்டி சொன்னாராம்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மாம்பழ நிறச் சேலை கட்டியிருந்தாள். பட்டர் கேக் வெட்டி வைத்திருந்தோம். மாப்பிள்ளை தலை நிமிராமல் வந்து உட்கார்ந்தார். மாமா கேக்கைத் தொடவில்லை. ஃபோனை எடுத்து டீப்போ மேசையின் நடுவில் வைத்தார்.

"இது நம்ம சொந்தத்துல ஒரு புள்ள அனுப்பினது. ஒங்க சபைக் குழுவுல வந்துச்சாம். கேளுங்க."

"அப்பா..." என்றது ஃபோன்.

"அப்பா, தகப்பனே, மாத்தளையில, தபால் கந்தோருக்குப் பின்னால நீலக் கேட் போட்ட வீட்டுல, புருசன எழந்து தவிக்கிற ஒங்க மக, அவங்க மூத்த புள்ள..." இந்த இடத்தில் அக்காவின் பெயர் முழுதாக வந்தது. "சின்ன வயசுல இருந்து அந்தப் புள்ளயப் புடிச்சு ஆட்டுற வலிப்பின் ஆவிய இந்த நேரமே கட்டுறோம் ஆண்டவரே! கலேவெலயில இருந்து நீர் கொண்டுவந்த இந்த நல்ல சம்பந்தம் எந்தத் தடையும் இல்லாம கைகூடட்டும் ஆண்டவரே! மாப்பிள்ள வீட்டார் மனசுல எந்தக் கலக்கமும் வராம காத்துக்கொள்ளும் ஆண்டவரே!"

அழுகிறார். ஃபோனில் அவர் அழுவது கேட்கிறது. பொய் அழுகை இல்லை. கடைசியில் எல்லா ஜெபத்தையும் போல, "இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் நல்ல பிதாவே" என்று முடித்தார்.

"ஆமென்" என்றார் அம்மா.

"ஆமென்" என்றார் மாமா. மாப்பிள்ளையின் உதடும் அசைந்தது. அக்காவும் சொன்னாள். நானும் சொன்னேன், சத்தமாகவே சொன்னேன். பிறந்ததிலிருந்து பழகிய வாய், அந்த வசனம் காதில் விழுந்தால் தானாகத் திறந்துகொள்ளும். ஐவரும் ஒருமித்து ஆமென் சொல்லிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தோம். எனக்குச் சிரிப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அப்படி ஒரு கேவலத்தை நான் அனுபவித்ததில்லை.

"வருத்தம் யாருக்குத்தான் இல்ல" என்றார் மாப்பிள்ளை, மெதுவாக. "மறச்சிட்டீங்களே. அதுதான் எனக்குத் தாங்க முடியல."

"இன்னைக்கு சொல்லத்தான் இருந்தேன்" என்றாள் அக்கா. "இப்ப, டீ குடிச்ச ஒடனே."

"இனி அப்பிடித்தானே சொல்லுவீங்க" என்றார் மாமா.

மாப்பிள்ளை அக்காவை நிமிர்ந்து பார்த்தார். ஒரு கணம் நம்பிவிடுவார் போலத்தான் இருந்தது. மாமா எழுந்தார், அவரும் எழுந்தார். அவ்வளவுதான். அக்கா கேக் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வருத்தத்தைக் கேட்டு அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள், அதற்குத் தயாராகத்தான் இருந்தாள். அவள் சொல்ல வேண்டியதை இன்னொருத்தி முந்திச் சொல்லி, அவளைப் பொய்க்காரி ஆக்கியதுதான் அவளை அறுத்தது. அடுக்களையில் பாட்டு நின்றது.

மறுநாள் நான் ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். அம்மா போக வேண்டாம் என்று அழுதார், கேட்கவில்லை. ஆன்ட்டி முற்றத்தில் கொறக்காப் புளி காய வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"சம்பந்தம் கலைஞ்சு போச்சு ஆன்ட்டி. ஒங்க ஜெபத்தக் கேட்டுட்டுப் போயிட்டாங்க."

கையிலிருந்த கொறக்காவைப் பாயில் போட்டார். பிறகு, "நா அடக்கித்தான் வச்சிருந்தேன் மக. ஆவியானவர் ஏவினாரு. நா என்ன செய்ய? போனதும் தேவ சித்தந்தான். அதவிட நல்லது வச்சிருப்பாரு" என்றார்.

"ஆண்டவருக்கு எங்க வீட்டு அட்ரஸ் தெரியாதா ஆன்ட்டி? நீல கேட்டுன்னு சொன்னாத்தான் தெரியுமா?"

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கொறக்கா ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துவிட்டு, என் தலையில் வைத்து, "அப்பா..." என்று ஆரம்பித்துவிட்டார். கையைத் தட்டிவிட்டு வந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை பெயர் சொல்லி எனக்காக ஜெபித்தார், என் மனதிலுள்ள கசப்பு நீங்க வேண்டும் என்று. எல்லோரும் ஆமென் சொன்னார்கள். பாஸ்டரிடம் முறையிட்டோம். "மனபாரத்துல ஜெபிச்சிட்டாங்க, மன்னிச்சு விடுவோம்" என்றார். மன்னிப்பது எப்போதும் எங்கள் பக்கத்து வேலையாகவே இருந்தது.

நான் வேலை செய்வது ஒரு மருந்துக்கடையில். முதலாளி ஹாஜியார். சேர்ந்த அன்றே ஒன்று சொன்னார்: "புள்ள, கவுண்டருக்கு இந்தப் பக்கம் தெரிஞ்சது அந்தப் பக்கம் போகக் கூடாது. அதுவும் ஒரு அமானிதம்." நம்பி ஒப்படைத்த பொருள் என்று அர்த்தம். ஊரில் யாருக்கு என்ன வருத்தம் என்பதில் பாதி எனக்குத் தெரியும், ஒரு வார்த்தை வெளியே போனதில்லை. அன்றாட வாழ்க்கையில் விசுவாசம் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிந்தது அந்தக் கவுண்டர் மட்டும்தான். இதை வாலிபர் கூட்டத்தில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் அக்காவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய ஆஸ்பத்திரி. ஒரே கொரிடோரில் அடுத்தடுத்து கிளினிக்குகள். நாங்கள் உட்கார்ந்திருந்த வாங்குக்கு எதிரே மனநோய் கிளினிக்கின் வரிசை. அங்கே ஒரு நர்ஸ் மிஸ் பெயர் கூப்பிட்டார். யாரும் எழும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். சாமி பெயர் ஒன்று, நாங்கள் கேள்விப்படாத பெயர். மாஸ்க் போட்டு, முக்காட்டைக் கண்வரை இழுத்துவிட்டிருந்த ஒரு பெண் மெல்ல எழுந்தார். நடையைப் பார்த்ததும் ஆன்ட்டி என்று தெரிந்துவிட்டது. ஞானஸ்நானத்துக்கு முந்திய பெயராக இருக்க வேண்டும்.

மருந்தோடு திரும்பியவர் எங்களைக் கண்டுவிட்டார். ஓடத் திரும்பினார், மறுபடி வந்தார். எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ரொம்ப காலமா மக" என்றார், கேட்காமலே. "ரெண்டாவது புள்ள பெத்ததுல இருந்து. மருந்து இல்லாட்டி மண்டக்குள்ள சத்தம். வீட்டுல சுகர் கிளினிக்குன்னுதான் சொல்லியிருக்கேன்." பிறகு அக்காவின் கையைப் பிடித்தார். அந்தக் கை அன்று சில்லிட்டிருந்ததாக அக்கா பிறகு சொன்னாள். "யாருக்கும் சொல்லிறாதீங்க மக. ஜெபத்துலகூட சொல்லிறாதீங்க."

ஜெபத்தில்கூட! எனக்கு உச்சியில் சுர்ரென்று ஏறியது. அப்படியென்றால் தெரிந்திருக்கிறது. ஜெபத்தில் சொன்னது எங்கே போகும், யார் முன்னறையில் போய் விழும் என்று இந்த மனுஷிக்கு எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருடத்தில் அவர் தனக்காக ஒரு விண்ணப்பம் வைத்ததில்லை. "எனக்கு ஒரு குறையும் இல்ல, ஸ்தோத்திரம்" என்றே சொல்லி வந்தார். அது விசுவாசம் என்றல்லவா நாங்கள் நினைத்திருந்தோம்.

"ஆண்டவர்கிட்ட சொல்லாம எப்பிடி ஆன்ட்டி இருக்கிறது?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அக்கா என் காலை மிதித்தாள். "சொல்ல மாட்டோம் ஆன்ட்டி. நீங்க மருந்த மட்டும் விட்டுறாதீங்க" என்றாள். பையிலிருந்த மீன் வைத்த மாலுபாணைப் பிய்த்து அவர் கையில் பாதியை வைத்தாள். அவர் மாஸ்க்கை இறக்கிவிட்டுச் சாப்பிட்டார், நல்ல பசியோடு. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. வரும் வழியில் அக்காவிடம் சண்டை போட்டேன். "நீ என்னா, பரிசுத்தவாட்டியா?" என்றேன். "இல்ல. சொன்னா எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும், அதான்" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு முறை. அதே முன்னறை, அதே டீப்போவை ஓரமாகத் தள்ளிப் பாய் விரித்திருந்தோம். பாஸ்டர் கேட்டார்: "ஜெப விண்ணப்பம் யாருக்காவது இருக்கா?" ஆன்ட்டி என்னைப் பார்த்தார். என் நாக்கில் அவருடைய பழைய பெயர், கிளினிக், கொரிடோர், எல்லாம் வரிசையாக நின்றன. பெயர், ஊர், வீட்டு அடையாளம். அவரிடம் படித்ததுதானே. விழுங்கினேன். "ஒன்னுமில்ல பாஸ்டர்" என்றேன்.

அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. திருந்திவிட்டார் என்றே நினைத்தேன். அவர் முக்காட்டைச் சரிசெய்தார். கையை விரித்தார்.

"அப்பா... நாவுலயில, பஸ் ஹோல்ட்டுக்குப் பக்கத்துல, புதுசா கட்டின வீட்டுல, கல்யாணம் கட்டி வந்த அந்த மருமக வயித்துல இதுவரைக்கும் ஒரு புழு பூச்சி..."

அந்த மருமகள் வாசலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன். அவள் சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி" என்றேன். "பேரச் சொல்லாதீங்க. ஆண்டவருக்குத் தெரியும்."

ஜெபத்துக்கு நடுவில் பேசிவிட்டேன். கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அம்மா வாயில் கை வைத்தார். ஆன்ட்டி விரித்த கையோடு அப்படியே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வெட்கம் இருக்கும் என்று ஆசைப்பட்டேன். இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது. அடுத்ததாக அவருடைய பெயரைத்தான் சொல்லப்போகிறேன் என்று நினைத்துவிட்டார். கைகள் மெல்ல மடிக்கு இறங்கின.

ஜெபத்தை முடிக்க அவருக்கு வாய் வரவில்லை. முடிக்காத ஜெபத்துக்கு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. பாஸ்டர் கொஞ்சம் செருமிவிட்டு, பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் ஆமென் சொல்லவில்லை.